டபுள் கிளிக் செய்தால் எது திறக்க வேண்டும்? கோப்பு வகைகளைச் சரிசெய்யும் வழிகள், ஓர் ஒப்பீடு

புதிதாக ஒரு வீடியோ பிளேயரையோ பிடிஎஃப் ரீடரையோ நிறுவியதும் பழைய கோப்புகளின் ஐகான்கள் மாறிப்போவதும், டபுள் கிளிக் செய்தால் நாம் நினைக்காத புரோகிராம் வந்து நிற்பதும் பலருக்கும் பழகிப்போன தொல்லை. இதைச் சரிசெய்ய விண்டோஸில் மட்டுமே ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று ஒரே ஒரு கோப்பு வகையை மாற்றும். இன்னொன்று ஒரே அழுத்தலில் எல்லா வகைகளையும் மாற்றிவிடும். ஒன்று உங்கள் கணக்கோடு நிற்கும், இன்னொன்று இனிமேல் உருவாகப்போகும் கணக்குகளை மட்டும் தொடும். வேலை முடிந்ததுபோல் தோன்றி எதையும் மாற்றாத வழியும் உண்டு.

எவ்வளவு குறைவாகத் தொட்டால் காரியம் ஆகுமோ அந்த வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. பெரிய ஆயுதங்கள் தேவைப்படும் இடங்கள் உண்டு, ஆனால் அவை மிகச் சில.

எந்த வழியையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. புரோகிராமை முதலில் திறந்து, அதன் மெனுவிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு கோப்புக்கும் புரோகிராமுக்கும் இடையிலான இணைப்பில்தான். அப்படியும் திறக்கவில்லை என்றால் கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது புரோகிராமில் கோளாறு, அல்லது கோப்பின் பெயர் அதன் உள்ளடக்கத்தைச் சரியாகச் சொல்லவில்லை. இந்த மூன்றாவது காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஒரு கோப்பு எந்த வகை என்று விண்டோஸ் முடிவு செய்வது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை வைத்துத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒரு பிஎன்ஜி படத்தின் பெயரை பிடிஎஃப் என்று மாற்றினால் பிடிஎஃப் ரீடர்தான் திறக்கும், உடனே பிழை காட்டும். உண்மையான பிடிஎஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகளும் கண்ணில் படும். ஜிப் கோப்பு 'பி', 'கே' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் அப்படியே தொடங்கும், ஏனென்றால் அதுவும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான்.

போதாக்குறைக்கு, விண்டோஸ் இந்த எக்ஸ்டென்ஷனை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய், 'ஷோ' என்பதன் கீழ் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். மற்ற எந்த மாற்றத்தைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்வது நல்லது. படம் போலக் காட்டிக்கொண்டு, கடைசியில் 'டாட் இஎக்ஸ்இ' (புரோகிராமுக்கான எக்ஸ்டென்ஷன்) என்று முடியும் ஆபத்தான கோப்புகளை அடையாளம் காணவும் இதுதான் கைகொடுக்கும்.

விண்டோஸ் இதை எங்கே எழுதி வைக்கிறது

வழிகளை ஒப்பிட இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைக்கும் பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. அதில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. கீழடுக்கு கணினி முழுவதற்கும் பொதுவானது: இந்த எக்ஸ்டென்ஷன் இந்த வகை, இந்த வகையைத் திறக்க இந்தக் கட்டளை என்று அங்கே எழுதியிருக்கும். மேலடுக்கு ஒவ்வொரு பயனருக்கும் தனி. அதன் பெயர் 'யூசர் சாய்ஸ்'. நீங்களாகத் தேர்ந்தெடுத்தது அங்கே பதிவாகிறது. இரண்டும் வேறுபட்டால் மேலடுக்குதான் வெல்லும்.

விண்டோஸ் 7 வரை எந்த நிறுவல் நிரலும் இந்த மேலடுக்கில் தானே எழுதிக்கொள்ளலாம். மியூசிக் பிளேயர்கள் ஒன்றின் கையிலிருந்து ஒன்று எம்பி3 கோப்புகளைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. பயனரின் தேர்வோடு ஒரு ஹாஷ் குறியீடும் (தேர்வைக் கணக்கிட்டுப் பெறும் ஒரு சரிபார்ப்புக் குறி) சேர்ந்து பதிவாகும். ஹாஷ் பொருந்தாவிட்டால் அந்தத் தேர்வை விண்டோஸ் ஏற்காது. விண்டோஸ் 10இல் 'ஆப் டீஃபால்ட் (இயல்பாகத் திறக்கும் புரோகிராம்) ரீசெட் செய்யப்பட்டது' என்று ஒரு அறிவிப்பு திடீரென எட்டிப் பார்க்குமே, அதற்கு ஒரு காரணம் இதுதான்: ஏதோ ஒரு புரோகிராம் பூட்டைத் தாண்டி எழுத முயன்றிருக்கும்.

ரைட் கிளிக் வழி

கோப்பின் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', வேண்டிய புரோகிராம். விண்டோஸ் 11இல் கடைசியில் இரண்டு பொத்தான்கள் வரும்: 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்'. இரண்டாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் எப்போதாவது ஒருமுறை வரும் கோப்பு வகைக்கு அதுதான் சரியான தேர்வு. எதையும் மாற்றுவதில்லை, எதையும் பிறகு திருப்பிச் சரிசெய்ய வேண்டியதும் இல்லை. புள்ளிக்குப் பின் டிஏடி, பிஐஎன் என்று முடியும் கோப்புகள் இந்த ரகம். அந்தப் பெயரில் எத்தனையோ புரோகிராம்கள் தங்கள் தங்கள் தரவைச் சேமிக்கின்றன. அவற்றுக்கு நிரந்தரமாக ஒரு புரோகிராமைக் கட்டிவைத்தால் இன்று திறக்கும் கோப்பு சரியாக வரும், நாளைக்கு வருவது குப்பையாகத் தெரியும்.

'ஆல்வேஸ்' வேகமானது. ஒரே வகை கெட்டிருந்தால் அரை நிமிட வேலை. குறைகள் இரண்டு. முதலாவது, விண்டோஸுக்கு ஜேபிஜி வேறு, ஜேபிஇஜி வேறு. எச்டிஎம், எச்டிஎம்எல் இரண்டும் அப்படித்தான், டிஐஎஃப், டிஐஎஃப்எஃப் இரண்டும் அப்படித்தான். ஒன்றைச் சரிசெய்துவிட்டு 'மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது' என்று புலம்புவோர் பெரும்பாலும் இன்னொரு எழுத்துக்கூட்டில் வந்த கோப்பைத்தான் திறந்திருப்பார்கள். இரண்டாவது, இங்கே ஒரு புரோகிராமுக்கு பதில் இன்னொன்றைப் போடலாமே தவிர 'எதுவும் வேண்டாம்' என்று சொல்ல முடியாது. தவறுதலாக டிஏடி கோப்பை நோட்பேடுக்குக் கொடுத்துவிட்டால், அதை மறுபடி ஆளில்லாததாக ஆக்க ரெஜிஸ்ட்ரிக்குள் போய் அந்த எக்ஸ்டென்ஷனின் பதிவை நீக்க வேண்டும்.

செட்டிங்ஸ் வழி, இரண்டு முகங்களோடு

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'டீஃபால்ட் ஆப்ஸ்'. விண்டோஸ் 11இல் மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் எக்ஸ்டென்ஷனைப் புள்ளியோடு தட்டினால் இப்போது எது திறக்கிறது என்று காட்டும், அங்கேயே மாற்றலாம். இரண்டு மூன்று வகைகளுக்கு மேல் சரிசெய்ய வேண்டியிருந்தால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். ரைட் கிளிக் வழியைவிட ஒரு படி அதிகம், ஆனால் மாற்றுவதற்கு முன் இப்போதைய நிலை கண்ணுக்குத் தெரிகிறது. மாதிரிக்குக் கையில் ஒரு கோப்பு இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதே பக்கத்தில் கீழே புரோகிராம்களின் பட்டியலும் உண்டு. ஒன்றைத் தட்டினால் அது திறக்கக்கூடிய வகைகள் எல்லாம் வரிசையாக வரும். பிரவுசரை மாற்ற இது பொருத்தமான இடம், ஏனென்றால் பிரவுசர் என்பது ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் அல்ல, இணைய இணைப்புகளும் (லிங்க்குகள்) எச்டிஎம்எல் வகைகளும் சேர்ந்த ஒரு கொத்து. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்தக் கொத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றச் சொன்னார்கள். பலரும் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம் அது. 2022இல் வந்த ஒரு அப்டேட்டில் ஒரே பொத்தான் சேர்த்தார்கள்.

பிரவுசரைத் தவிர மற்றவற்றுக்கு இந்தப் புரோகிராம்வாரி முகத்தை நான் தவிர்ப்பேன். ஒரு புரோகிராம் 'என்னால் திறக்க முடியும்' என்று பதிந்து வைப்பதும், நாம் அதில் திறக்க விரும்புவதும் வேறு வேறு. படத்தைத் திருத்தும் புரோகிராம் பிடிஎஃப் திறக்கும், ஐகான் கோப்பு திறக்கும், ஸ்கேன் கோப்பு திறக்கும். அதற்காக அவை எல்லாம் அதில் திறந்தால் ஒரு பில்லைப் பார்க்கக்கூட அந்தப் பெரிய புரோகிராம் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் 'என்னை டீஃபால்ட் ஆக்கு' பொத்தானைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்சொன்ன பூட்டு வந்த பிறகு பெரும்பாலானவை உங்களைச் செட்டிங்ஸ் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவதோடு சரி. நீங்கள் இதுவரை எதையும் தேர்ந்தெடுக்காத வகைகளில் மட்டும் அது உண்மையிலேயே வேலை செய்யும்.

கட்டளைகள், ரெஜிஸ்ட்ரி, வெளிக் கருவிகள்

பழைய வழிகாட்டிகளில் 'அஸாக்', 'எஃப்டைப்' என்று இரண்டு கட்டளைகளைப் பார்த்திருப்பீர்கள். கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டும் கருப்புச் சாளரம்) நிர்வாகியாகத் திறந்து தட்டினால் பிழை ஏதும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும், மாற்றிவிட்டதாகவும் காட்டும். டபுள் கிளிக் செய்தால் பழைய புரோகிராமே திறக்கும். காரணம் எளிது: இவை எழுதுவது கீழடுக்கில். மேலடுக்கில் உங்கள் பழைய தேர்வு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எதையும் மாற்றாத வழி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். கீழடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் இவை இன்றும் பயன்படும்.

இணையத்தில் கிடைக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகளை இறக்கி இணைப்பது இன்னொரு வழி. இதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: இஎக்ஸ்இ அல்லது ஷார்ட்கட் வகையே கெட்டுப்போய், எந்த புரோகிராமும் திறக்காத நிலை. அப்போது செட்டிங்ஸில் அந்த வகைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே பொருள் இல்லை. ரெஜிஸ்ட்ரியின் மூலப் பதிவைத்தான் மீட்க வேண்டும். அந்த நிலை வந்தால் வைரஸ் சோதனையும் கூடவே செய்துவிடுங்கள், இஎக்ஸ்இ இணைப்பைக் கெடுப்பது தீங்கு நிரல்களின் பழைய வேலை. மற்ற வகைகளுக்கு இந்தக் கோப்புகள் வேண்டாம். இறக்கினாலும் முதலில் நோட்பேடில் திறந்து எந்தெந்த இடத்தில் கைவைக்கிறது என்று படித்துவிட்டு இணையுங்கள்.

ஹாஷைத் தானே கணக்கிட்டு மேலடுக்கில் எழுதும் வெளிக் கருவிகளும் உண்டு. பத்து இருபது வகைகளை ஒரே ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) மாற்ற நினைக்கும் நிர்வாகிகளுக்கு அவை உதவின. ஆனால் 2024 முதல் பிடிஎஃப், இணைய இணைப்புகள் போன்ற சிலவற்றை வெளியிலிருந்து எழுத விடாமல் தடுக்கும் ஒரு டிரைவரை (விண்டோஸின் அடியில் ஓடும் நிரல்) மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் சேர்த்துவிட்டது. இன்று வேலை செய்யும் கருவி அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம் என்பதால் வீட்டுக் கணினிக்கு இவற்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை.

பல கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு அதிகாரபூர்வ வழி ஒன்று இருக்கிறது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் கையால் சரிசெய்து, விண்டோஸின் பராமரிப்புக் கருவியான டிஸ்ம் கட்டளையால் அந்த நிலையை ஒரு எக்ஸ்எம்எல் (ஒரு வகை உரைக்) கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதை எப்படி ஏற்றுவது என்பதில்தான் வேறுபாடு. டிஸ்ம் வழியே ஏற்றினால் அது புதிதாக உருவாகும் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் பயனருக்கு எதுவும் மாறாது. நிர்வாகி பல கணினிகளுக்கும் விதிகள் வைக்கும் குரூப் பாலிசியில் அதே கோப்பைக் காட்டினால் ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் அது மறுபடி அமலாகும், பயனர் தன் வசதிக்காக இடையில் மாற்றிக்கொண்டது போய்விடும். பலர் மாறி மாறி உட்காரும் ஆய்வகத்துக்கு இரண்டாவது சரி. ஒருவரே தினமும் பயன்படுத்தும் கணினிக்கு அது தீராத எரிச்சல்.

ரீசெட், மறுநிறுவல்

டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தின் கீழே ரீசெட் பொத்தான் இருக்கிறது. அது எல்லா வகைகளையும் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பிரவுசர், மெயில், படம் எல்லாம் அதோடு போகும். ஒரே ஒரு வகைக்காக இதைத் தொடாதீர்கள். எது எதில் திறக்கிறது என்றே தெரியாத அளவுக்கு எல்லாம் குழம்பியிருந்தால், ரீசெட் செய்துவிட்டு மேலே சொன்ன செட்டிங்ஸ் வழியில் வேண்டியதை மட்டும் மாற்றுவது வேகமான வழி.

புரோகிராமை மறுபடி நிறுவுவது அல்லது 'ரிப்பேர்' செய்வது ஒரு தனி நிலைமைக்கான மருந்து: ஓப்பன் வித் பட்டியலில் பெயர் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது ஐகான் வெள்ளைத் தாளாகத் தெரிகிறது. புரோகிராமின் கோப்புறை இடம் மாறி, கீழடுக்கில் உள்ள கட்டளை இல்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். இங்கே உங்கள் தேர்வில் தவறே இல்லை, செட்டிங்ஸில் எத்தனை முறை மாற்றினாலும் பலனும் இருக்காது.

மேக், லினக்ஸ்

மேக்கில் முடிவெடுப்பது எளிது. கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட், ஐ அழுத்தினால் 'கெட் இன்ஃபோ' திறக்கும். 'ஓப்பன் வித்' பகுதியில் புரோகிராமை மாற்றி, கீழே உள்ள 'சேஞ்ச் ஆல்' பொத்தானை அழுத்தினால் அந்த வகை முழுவதும் மாறும். அழுத்தாவிட்டால் அந்த ஒரு கோப்பு மட்டும். விண்டோஸில் இல்லாத வசதி இது, சில வேலைகளுக்கு அருமையானது: நூறு படங்கள் பார்வைக்கு மட்டும் திறக்க, திருத்திக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் எடிட்டருக்குக் கட்டி வைக்கலாம். ரைட் கிளிக் மெனு திறந்திருக்கும்போது ஆப்ஷன் விசையைப் பிடித்தால் 'ஓப்பன் வித்' என்பது 'ஆல்வேஸ் ஓப்பன் வித்' என்று மாறும். அதுவும் அந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான். ஒரே வகையில் ஒரே ஒரு கோப்பு மட்டும் ஏன் வேறு எங்கோ திறக்கிறது என்று குழம்பினால், எப்போதோ இதை அழுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

லினக்ஸ் எக்ஸ்டென்ஷனோடு நிற்காமல் கோப்பின் உள்ளடக்கத்தையும் பார்த்து மைம் வகையை (கோப்பு எந்த ரகம் என்று சொல்லும் பெயர்) முடிவு செய்யும். உங்கள் தேர்வுகள் ஹோம் கோப்புறையில், கான்ஃபிக் கோப்புறைக்குள் 'மைம்ஆப்ஸ் லிஸ்ட்' என்ற சாதாரண உரைக் கோப்பில் இருக்கும். வேறு கணினிக்குப் போகும்போது அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். ஃபைல் மேனேஜரின் பிராப்பர்ட்டீஸில் மாற்றுவதும், எக்ஸ்டிஜி-மைம் கட்டளையால் மாற்றுவதும் கடைசியில் இதே கோப்பைத்தான் தொடுகின்றன. ஆகவே எது உங்களுக்கு வசதியோ அது போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லினக்ஸுக்குக் கோப்புறையும் ஒரு மைம் வகைதான். ஒரு கோட் எடிட்டரை நிறுவியதும் கோப்புறைகள் எல்லாம் அதில் திறக்கத் தொடங்கினால், கோப்புறை வகையை ஃபைல் மேனேஜருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

எந்த வகையை யாருக்குக் கொடுப்பது

வழியைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிக யோசனை தேவை. டபுள் கிளிக் என்பது பார்ப்பதற்கு, திருத்துவதற்கு ரைட் கிளிக். இதுதான் நான் வைத்திருக்கும் விதி. படங்களுக்கு எடிட்டரை வைக்காமல் வியூவரை வையுங்கள். பிடிஎஃப்பை வாசிக்க மட்டும் செய்வீர்கள் என்றால் பிரவுசரே போதும். படிவம் நிரப்புவது, கையொப்பமிடுவது தினசரி வேலையாக இருந்தால் தனி ரீடர் வையுங்கள். 'டிஎஸ்' என்று முடியும் கோப்பு சிலருக்கு வீடியோ, நிரல் எழுதுபவர்களுக்கு டைப்ஸ்கிரிப்ட். விண்டோஸில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் தினமும் தொடுவதற்குக் கொடுத்துவிட்டு மற்றதை ஓப்பன் வித்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைத் தரவைக் காற்புள்ளிகளால் பிரித்து வெறும் உரையாக வைக்கும் சிஎஸ்வி வகைதான் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது. எக்செல் நிறுவினால் சிஎஸ்வி அதற்குப் போய்விடும். டபுள் கிளிக் செய்தவுடன் எக்செல் உங்களைக் கேட்காமலே சில வேலைகளைச் செய்யும். எண்ணின் முன்னால் உள்ள சுழியங்களை எடுத்துவிடும். எக்செல் 15 இலக்கங்கள்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். தேதி போலத் தெரிவதை எல்லாம் தேதியாக்கிவிடும். இந்தக் கடைசிப் பழக்கம் மரபணு ஆய்வுகளில் இவ்வளவு குழப்பம் செய்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று: மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆனது, செப்ட்1 என்பது செப்டின்1 ஆனது. 2023இல் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் விருப்பங்களை எக்செல்லில் சேர்த்தார்கள், ஆனால் அவற்றைத் தேடிப் போய் நாம்தான் அமைக்க வேண்டும். பார்ப்பதற்காகத் திறந்து, மூடும்போது பழக்கத்தில் 'சேவ்' கொடுத்துவிட்டால் மூலத் தரவு போய்விடும். தமிழ் எழுத்துகள் உள்ள சிஎஸ்வி என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருந்து, தொடக்கத்தில் அதற்கான அடையாளம் இல்லாவிட்டால், டபுள் கிளிக்கில் திறக்கும் எக்செல் தமிழைப் புரியாத குறிகளாகக் காட்டும்.

அதனால் சிஎஸ்வியை ஒரு உரை எடிட்டருக்குக் கொடுத்துவிடுங்கள். டபுள் கிளிக் செய்தால் உள்ளே இருப்பது இருப்பது போலவே தெரியும், தமிழும் சரியாக வரும். கணக்குப் போட வேண்டும் என்றால் எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' தாவலில் உள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக உள்ளே எடுங்கள். அங்கே யூடிஎஃப்-8 என்று சொல்லலாம், சுழியத்தில் தொடங்கும் எண்கள் உள்ள நெடுவரிசைகளை உரையாக வைக்கச் சொல்லலாம். இரண்டு கிளிக் கூடுதல்தான்.

அப்புறம், ஜேஎஸ், விபிஎஸ், எச்டிஏ என்று முடியும் ஸ்கிரிப்ட் வகைகள். விண்டோஸில் இவற்றை டபுள் கிளிக் செய்தால் திறந்து காட்டாது, நேரடியாக ஓட்டிவிடும். மெயிலில் பில் என்ற பெயரில் வரும் தீங்கு நிரல்கள் பல காலமாக நம்பியிருப்பது இதைத்தான். செட்டிங்ஸில் இந்த மூன்றையும் நோட்பேடுக்கு மாற்றிவிட்டால், தவறிப்போய் டபுள் கிளிக் செய்தாலும் வெறும் எழுத்துதான் திறக்கும். ஸ்கிரிப்டை ஓட்டும் புரோகிராமைப் பெயர் சொல்லியே அழைக்கும் மற்ற புரோகிராம்களின் வேலை இதனால் நிற்காது. ஒரு ஜேஎஸ் அல்லது விபிஎஸ் ஸ்கிரிப்டை நீங்களே ஓட்ட வேண்டிய நாள் வந்தால், ரைட் கிளிக்கில் 'ஓப்பன் வித்' போய் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டைத் தேர்ந்தெடுத்து 'ஜஸ்ட் ஒன்ஸ்' கொடுங்கள்.